முருங்கையில் எது உணவு, எது மருந்து, எதைத் தொடக்கூடாது

கேள்வி இதுதான்: மனைவிக்குக் குழந்தை பிறந்து நாலு மாதம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2. மாமியார் தினமும் முருங்கைக்கீரை சமைத்துப் போடுகிறார், "இரும்பு மாத்திரை எதற்கு, அது சூடு" என்றும் சொல்கிறார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடும் அப்பா, யாரோ சொன்னார்கள் என்று முருங்கைப் பொடி டப்பா வாங்கி வைத்திருக்கிறார். ஊரிலிருந்து வந்த பெரியப்பா பட்டைக் கஷாயம், வேர், பிசின், விதை என்று ஒரு பட்டியலே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இதில் எதைக் கேட்பது, எதை விடுவது?

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் எழுதிக் கொடுத்த இரும்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள். கீரையையும் நிறுத்த வேண்டாம். இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி, 100 கிராம் பச்சை முருங்கை இலையில் இரும்பு ஏறக்குறைய 4.5 மில்லிகிராம். ஒரு வேளைக்கு ஒருவர் சாப்பிடும் பொரியலுக்கு ஆய்ந்த இலை 50 கிராம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவே தாராளம். ஆக இரண்டேகால் மில்லிகிராம். பாலூட்டும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 23 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. பத்தில் ஒரு பங்குதான் கீரையில் கிடைக்கிறது. கீரையில் இருக்கும் இரும்பு முழுவதும் உடம்பில் சேர்வதும் இல்லை, சிறு பங்குதான் சேரும். அரசு கொடுக்கும் மாத்திரையிலோ 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. கர்ப்பத்தில் 180 நாள், பிள்ளை பெற்ற பிறகு 180 நாள் சாப்பிடச் சொல்வது சும்மா இல்லை. 9.2 என்பது ஏற்கெனவே காலியாகிவிட்ட கிடங்கு. அதை நிரப்ப மாத்திரை வேண்டும். நிரம்பிய பிறகு மறுபடி காலியாகாமல் பார்த்துக்கொள்ளத்தான் கீரை உதவும்.

மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போவது, மலச்சிக்கல், வயிற்றைப் புரட்டுவது எல்லாம் உண்மைதான். "சூடு" என்று மாமியார் சொல்வது இதைத்தான். அதற்குச் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாமா, வேறு வகை மாத்திரைக்கு மாறலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். காபியோடும் டீயோடும் மட்டும் போட வேண்டாம், இரும்பு சேராமல் போய்விடும். கீரைக்கும் அதே விதி. முருங்கைக்கீரைச் சோறு சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் டீ குடித்தால், சமைத்தவருடைய உழைப்பில் பாதி வீண். ஒரு மணி நேரமாவது கழியட்டும். அதே சாப்பாட்டில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் நல்லது.

சரி, பெரியப்பாவின் பட்டியலுக்கு வருவோம். "முருங்கை நல்லதா?" என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. இலை வேறு, பூ வேறு, காய் வேறு, விதை வேறு, பிசின் வேறு, பட்டையும் வேரும் முற்றிலும் வேறு. குணபாடம், அதாவது மூலிகைகளின் குணத்தைச் சொல்லும் சித்த மருத்துவப் பாடம், படிப்பவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லித்தரும் விஷயம் இது: ஒரே மரத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் சுவையும் குணமும் தனித்தனி. வீட்டு வைத்தியம் வாய்வழியாகப் பரவும்போது இந்தப் பிரிவினைதான் முதலில் தொலைகிறது. "முருங்கை எல்லாவற்றுக்கும் நல்லது" என்று ஆகிவிட்ட பிறகு, இலைக்குக் கிடைத்த நல்ல பெயரில் வேரும் உள்ளே நுழைந்துவிடுகிறது.

இலையிலிருந்து தொடங்குகிறேன், சொல்வதற்கு அதிகம் இருப்பது அங்கேதான். மந்தம், உடல் வெப்பம், தலைநோய், மயக்கம், கண்நோய் ஆகியவற்றுக்கு முருங்கை இலையைச் சித்த மருத்துவம் சொல்கிறது. என் கணிப்பில் இவற்றில் மிக வலுவாக நிற்பது கண்நோய். முன்பெல்லாம் பொழுது சாய்ந்தால் பார்வை மங்கும் மாலைக்கண் சாதாரணமாக இருந்தது. அது வைட்டமின் ஏ பற்றாக்குறை. முருங்கை இலையில் 100 கிராமுக்கு 17 மில்லிகிராமுக்கு மேல் பீட்டா கரோட்டின் இருக்கிறது, நம் உடம்பு அதைத்தான் வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்கிறது. முன்னே சொன்ன அதே 50 கிராம் கீரையில், ஒரு பெரியவருக்கு ஒரு நாள் தேவைப்படும் வைட்டமின் ஏ-வில் பெரும்பகுதி வந்துவிடும். இரும்பில் பத்தில் ஒன்றைத் தந்த அதே கைப்பிடி இங்கே அவ்வளவு தருகிறது. ஆனாலும் ஊர் முழுக்க "ரத்தம் ஊறும்" என்றுதான் பேசுகிறார்கள், கண்ணைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

கரோட்டின் கொழுப்பில் கரைவது. எண்ணெயோ தேங்காயோ நெய்யோ இல்லாமல் வெறும் தண்ணீரில் வேகவைத்துச் சாப்பிட்டால் அதில் கொஞ்சம்தான் உடம்பில் ஏறும். நம் வீடுகளில் வெங்காயம், காய்ந்த மிளகாய் தாளித்து, தேங்காய்த் துருவலோ முட்டையோ போட்டுப் பிரட்டுவதும், யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்வதும் இந்த விஷயத்தில் சரியான சமையல். டயட் என்று எண்ணெயே இல்லாமல் கீரை சூப் மட்டும் குடிப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

வெண்ணெய் உருக்கும்போது கடைசியில் ஒரு கொத்து முருங்கை இலையைப் போடும் வழக்கமும் உண்டு. வாசனைக்கு என்பார்கள். இலையிலுள்ள பாலிஃபீனால்கள் கொழுப்பு சீக்கிரம் காறிப்போகாமல் தாமதப்படுத்துபவை, அதனால் நெய் கூடுதல் நாள் தாங்கும். உருக்கி முடித்ததும் மொறுமொறுவென்று அடியில் கிடக்கும் அந்த இலையைச் சோற்றில் பிசைந்து தின்ன வீட்டில் எப்போதும் ஒரு சண்டை நடக்கும். மருத்துவக் குணம் என்று யாரும் சொல்லாத, ஆனால் நல்ல வேலை செய்கிற வழக்கங்களில் இது ஒன்று.

மந்தம் என்றதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நூறு கிராமுக்கு எட்டு கிராம் அளவுக்கு நார் இருக்கும் இலை இது. மலம் இளகும், வயிறு சுத்தமாகும். அளவுக்கு மீறினால் அதே நார் வயிற்றை உப்பவைக்கும், பேதியும் ஆகும். இரவில் கீரை சாப்பிடக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வதற்கு இதுவே போதுமான காரணம். சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பவர்களுக்குச் செரிக்க நேரமாகும், வேறு ஆபத்து எதுவும் இல்லை. "கீரை மருந்தை முறிக்கும்" என்று சொல்வதும் உண்டு. சித்த மருந்து சாப்பிடும்போது தவிர்க்கச் சொல்லும் கீரை முக்கியமாக அகத்தி. முருங்கையை அதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது அந்த டப்பா. அதன் மேல் "ஆரஞ்சைவிட 7 மடங்கு வைட்டமின் சி, பாலைவிட 4 மடங்கு கால்சியம்" என்கிற ரகத்தில் ஏதாவது அச்சிட்டிருக்கும். 1990-களின் பிற்பகுதியில் செனகல் நாட்டில், ஊட்டம் குறைந்த குழந்தைகளுக்கும் தாய்மாருக்கும் முருங்கை இலையும் பொடியும் கொடுக்கும் நல்ல வேலை ஒன்று நடந்தது. அந்தக் காலத்தில் பிரபலமான ஒப்பீடுகள் இவை. பிறகு வியாபாரிகள் கைக்கு வந்துவிட்டன. 2017 அட்டவணையை வைத்து நானே ஒப்பிட்டேன்: பச்சை இலையில் வைட்டமின் சி 108 மில்லிகிராம், அது ஆரஞ்சைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. கால்சியம் 314 மில்லிகிராம், அது பசும்பாலைப் போல இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். இதுவே பிரமாதமான எண்தான், ஏழு மடங்கு என்று ஊதத் தேவையே இல்லை. பசலையைவிட 25 மடங்கு இரும்பு என்று போட்டிருந்தால் அது இன்னும் மோசம். காய்ந்த பொடியை ஈரக்கீரையோடு எடைக்கு எடை நிறுத்தி ஒப்பிடும் தந்திரம் அது. பச்சை இலையில் முக்கால் பங்கு தண்ணீர். அதை உலர்த்தினாலே மற்ற சத்தெல்லாம் நாலு மடங்காகத் தெரியும். எந்தக் கீரையை உலர்த்தினாலும் அப்படித்தான்.

அதோடு, பொடியை யார் 100 கிராம் சாப்பிடுகிறார்கள்? ஒரு டீஸ்பூன் மூன்று கிராம் வரும். அது பன்னிரண்டு கிராம் பச்சை இலைக்குச் சமம், அதாவது முன்னே சொன்ன 50 கிராம் கீரையில் ஏறக்குறைய கால் பங்கு. உலர்த்தியதில் வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும், வெயிலில் காயவைத்திருந்தால் கரோட்டினிலும் ஒரு பகுதி போயிருக்கும். டப்பாவின் விலையையும் சந்தையில் ஒரு கட்டு முருங்கைக்கீரையின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொடியே கூடாது என்று சொல்லவில்லை. கீரை ஆய நேரமில்லாதவர்கள், கீரை கிடைக்காத ஊரில் இருப்பவர்கள், மரம் வைத்திருந்து இலை மிஞ்சுபவர்கள் செய்து வைத்துக்கொள்ளலாம். இலையை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, வெள்ளைத் துணியில் பரப்பி, காற்றோட்டமான நிழலில் காயவிடுங்கள். கையில் எடுத்தால் நொறுங்க வேண்டும். பச்சை நிறம் மாறாமல் இருக்க வேண்டும், பழுப்பாகிவிட்டால் வெளிச்சமோ ஈரமோ பட்டிருக்கிறது. மிக்சியில் அடித்து, சலித்து, காற்றுப்புகாத டப்பாவில் இருட்டில் வையுங்கள். கொதிக்கிற ரசத்திலோ பருப்பிலோ அடை மாவிலோ சேருங்கள். பச்சையாக மோரிலும் ஜூஸிலும் கலக்குவதைவிட அது நல்லது. காரணம் சத்து மட்டுமல்ல, சுத்தமும். இலையைக் கழுவாமல் திறந்த வெளியில் காயவைத்துப் பொடியாக்கினால் கிருமி அப்படியே உள்ளே இருக்கும், உலர்ந்த பொடியில் அது செத்துவிடாது. 2025-ல் அமெரிக்காவில் சால்மோனெல்லா தொற்று பரவியபோது முருங்கை இலைப்பொடி சேர்ந்த பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது. பாலூட்டும் தாய் இருக்கும் வீட்டில் இதைக் கவனிக்க வேண்டும்.

கீரையாகவே வாங்கினால் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். அரவக்குறிச்சி, மூலனூர், ஒட்டன்சத்திரம், ஆண்டிபட்டி, சாத்தான்குளம் பக்கமெல்லாம் காய்க்காகவே தோப்பு தோப்பாகப் போட்டிருக்கிறார்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-ல் வெளியிட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கைதான் அந்தப் பரப்பைப் பெருக்கியது. விதை போட்டால் ஆறு மாதத்தில் காய் பறிக்கத் தொடங்கலாம், காய் முக்கால் மீட்டர் நீளம் வரும். காய் தோப்பில் பழ ஈக்கும் கம்பளிப்பூச்சிக்கும் மருந்து அடிப்பார்கள். அந்த இலையை அப்படியே உருவிக் கீரையாக விற்றால் நமக்கு மருந்தும் சேர்ந்து வரும். இலைக்காகவே வளர்ப்பவர்கள் தனியாக இருக்கிறார்கள். இவை எதுவும் வேண்டாம் என்றால், வீட்டுப் பின்புறம் ஒரு போத்து (வெட்டிய கிளைத் துண்டு) நட்டுவிடுங்கள். வீட்டை ஒட்டி வேண்டாம். கிளை பட்டென்று முறியும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி சுவரெல்லாம் ஏறும். வாசலில் முருங்கை ஆகாது என்று சொன்னவர்கள் மனதில் வேதாளத்தைவிட இந்தப் பூச்சிதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இடுப்பளவு உயரத்தில் அடிக்கடி கவாத்து செய்தால் கை எட்டும் உயரத்திலேயே தளிர் கிடைக்கும்.

ஆய்வதற்கு அலுப்பாக இருக்கிறது என்பதுதான் பல வீடுகளில் முருங்கைக்கீரை வராததற்கு உண்மையான காரணம். கொத்தை ஒரு துணியில் இறுக்கிச் சுற்றி இரவு வைத்துவிட்டால் காலையில் உதறினால் இலை தானே உதிரும். ஈர்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். அதை நசுக்கி மிளகு, சீரகம், பூண்டோடு ரசம் வைத்தால் சளி, உடம்புவலி உள்ள நாளில் நன்றாக இருக்கும். சூடான காரமான ரசம் மூக்கடைப்பைத் திறக்கும், அந்த அளவுக்கு அது வேலை செய்யும். கீரையை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டுவது மட்டும் வேண்டாம்.

தாய்ப்பால் விஷயத்தில் உங்கள் மாமியார் பக்கம் நியாயம் இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு முருங்கைக்கீரை கொடுத்தால் பால் சுரக்கும் என்ற நம்பிக்கை இங்கே மட்டும் இல்லை, பிலிப்பைன்ஸிலும் உண்டு. அங்கே சூப்பில் இதைப் போடுவது தாய்மாருக்கான முதல் பரிந்துரை. அங்கே நடந்த சில சிறிய ஆய்வுகளில், பிரசவமான முதல் நாட்களில் இலை மாத்திரை சாப்பிட்ட தாய்மாருக்குப் பால் அளவு கூடியிருந்தது. ஆய்வுகள் சிறியவை என்பதால் பெரிதாக முழங்க முடியாது, ஆனால் பாலூட்டும் தாய் உணவாகச் சாப்பிடத் தடை எதுவும் இல்லை. பால் சுரக்க முதல் காரணம் குழந்தை அடிக்கடி சரியாகச் சப்புவதுதான், கீரை அதற்குத் துணை. வாரத்தில் மூன்று நாலு நாள், ஒரு கைப்பிடி, போதும். மற்ற நாட்களில் அரைக்கீரை, பொன்னாங்கண்ணி என்று மாற்றிக் கொடுங்கள். தினமும் ஒரே கீரையைப் பார்த்தால் நாலு மாதக் குழந்தையின் தாய்க்கு வெறுத்துப்போகும்.

பூவையும் காயையும் பற்றி நீட்ட எதுவும் இல்லை. பூவைப் பருப்போடு கூட்டு வைக்கலாம், பாலில் வேகவைத்துக் குடிப்பார்கள். உடம்புக்குக் குளிர்ச்சி, கண்ணுக்கு நல்லது, ஆண்மைக்கு நல்லது என்பார்கள். 1980-களில் வந்த ஒரு சினிமாவுக்குப் பிறகு முருங்கைக்காய் என்றாலே தமிழ்நாட்டில் ஒரு சிரிப்பு. ஆண்மைக்கு என்று சொல்வதற்கு எலிகளில் செய்த சோதனைகளைத் தாண்டிப் பெரிய ஆதாரம் இல்லை. ருசிக்காகச் சாப்பிடுங்கள். பிசினும் இதே கணக்கில்தான் நாட்டுமருந்துக் கடையில் விற்கிறது, பாலில் கலந்து குடிக்கச் சொல்வார்கள். வெளியிலிருந்து வாங்கும் பிசினில் எந்த மரத்துப் பிசின் கலந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம், அதனால் நான் யாருக்கும் சொல்வதில்லை.

பட்டைக்கும் வேருக்கும் வரும்போது பேச்சு மாறுகிறது. முருங்கை, கடுகு, முள்ளங்கி எல்லாம் தாவரவியலில் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. கடுகை அரைத்தால் மூக்கில் ஏறும் காரம் எந்த வேதிப்பொருளால் வருகிறதோ, அதே வகைப் பொருள் முருங்கையிலும் உண்டு. முழுசாக இருக்கும்போது அடங்கியிருக்கும், நசுக்கினால் வெளிப்படும். இலையில் மிதமாக இருக்கிறது, வேரில் கடுமையாக இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் இந்தியாவில் இருந்தபோது, அவர்கள் ஊரில் மாட்டிறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளும் ஒரு காரமான கிழங்குக்குப் பதிலாக முருங்கை வேரைத் துருவித் தின்றார்கள். அதைப் பார்த்து நாமும் தின்னலாம் என்று எண்ண வேண்டாம். வேர்ப்பட்டையில் காரத்தோடு நச்சுத்தன்மையுள்ள ஆல்கலாய்டுகளும் இருக்கின்றன. கருவைக் கலைக்க முருங்கைப் பட்டையையும் வேரையும் நாட்டுப்புறங்களில் பயன்படுத்தியிருக்கிறார்கள். அது எவ்வளவு பெண்களுக்கு என்ன செய்தது என்று எழுதிவைத்தவர்கள் கிடையாது. கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பத்துக்கு முயற்சி செய்பவர்கள், பாலூட்டுபவர்கள் யாருக்கும் பட்டைக் கஷாயமும் வேரும் கூடாது. உங்கள் மனைவிக்கு நிச்சயமாகக் கூடாது. பயிற்சி பெற்ற சித்த மருத்துவர் ஒருவர் அளவு பார்த்து, மற்ற சரக்குகளோடு சேர்த்து, வேறு ஒரு நோயாளிக்குக் கொடுப்பது அவர் பொறுப்பு. வீட்டில் நாமே உரித்துக் காய்ச்சுவது வேறு விஷயம். கர்ப்பிணிகள் இலையைச் சாப்பிடலாமா என்றால், சமையலில் சாப்பிடும் அளவுக்குத் தாராளமாகச் சாப்பிடலாம்.

வெளியே போடும் வைத்தியங்களில் பட்டை நெடுநாளாக இருக்கிறது. பட்டையைக் கடுகோடு அரைத்து வீக்கத்துக்குப் பற்றுப் போடுவார்கள். நன்றாகச் சூடேறும், ரத்த ஓட்டம் கூடி வலி தெரியாமல் இருக்கும். ஆனால் அதே காரம் தோலைப் பொத்துவிடும். சர்க்கரை நோயாளியின் பாதத்தில் யாராவது போட வந்தால் தடுத்துவிடுங்கள், அங்கே உணர்ச்சி மங்கியிருக்கும், புண்ணானதே தெரியாது. இலையை விளக்கெண்ணெயில் வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பது மென்மையான வழி. கேரளத்து இலைக்கிழியில் நொச்சி, ஆமணக்கு, எருக்கு இலைகளோடு முருங்கை இலையையும் சேர்ப்பார்கள். மூட்டுவலிக்கு அந்த வெதுவெதுப்பு இதமாக இருக்கும், தோலுக்கும் கெடுதல் இல்லை.

பெரியப்பாவின் பட்டியலில் நாய்க்கடி இருந்ததா என்று தெரியவில்லை. முருங்கை இலையோடு பூண்டு, மஞ்சள், உப்பு, மிளகு சேர்த்து அரைத்து நாய்க்கடிக்கு உள்ளேயும் கொடுத்து மேலேயும் போடச் சொல்லும் குறிப்பு மூலிகை நூல்களில் இன்னும் அச்சாகிக்கொண்டே இருக்கிறது. மரபு மருத்துவத்தை மதிக்கிறவன் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் எந்த வைத்தியத்திலும் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. வராமல் தடுக்கத்தான் வழி இருக்கிறது. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் முதல் தடுப்பூசி போட வேண்டும், பிறகு அவர்கள் எழுதிக் கொடுக்கும் தேதிகளில் மீதி ஊசிகள். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் கடித்த இடத்திலேயே போடும் ஊசியும் உண்டு. அந்தக் காயத்தின் மேல் எந்த அரைப்பையும் அப்பக்கூடாது, மிளகும் சுண்ணாம்பும் எரிச்சலைத்தான் கூட்டும். அந்த நூல்களை மறுபடி அச்சிடும் பதிப்பகங்கள் இந்த ஒரு பத்தியையாவது எடுத்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் எரிச்சல்.

விதையைப் பற்றி ஒரு சுவையான சங்கதி. சூடானில் நைல் நதியின் சேற்றுத் தண்ணீரைத் தெளியவைக்க அந்த ஊர்ப் பெண்கள் முருங்கை விதையை இடித்துக் கலக்குவதை, 1970-களிலும் 80-களிலும் சமியா அல் அசாரியா ஜான் என்ற ஆய்வாளர் ஆராய்ந்து எழுதினார். அதற்குப் பிறகுதான் உலகம் அதைக் கவனித்தது. விதையிலுள்ள ஒரு புரதத்துக்கு நேர்மின்னூட்டம், சேற்றுத் துகளுக்கு எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒட்டித் திரண்டு அடியில் படிந்துவிடும். நம் ஊரில் இதே வேலைக்குக் கிணற்றுத் தண்ணீரில் தேத்தாங்கொட்டையை உரசிப் போட்டார்கள். முருங்கை விதை போட்ட தண்ணீரில் கிருமிகள் கணிசமாகக் குறையும், ஆனால் முழுக்கப் போகாது. குடிப்பதற்குக் கொதிக்கவைக்கத்தான் வேண்டும். உடம்பு இளைக்க தினம் இரண்டு விதை மெல்லச் சொல்லும் வீடியோக்கள் இப்போது நிறைய. சாம்பாரில் முற்றாத காயோடு உள்ளே போகும் விதை வேறு, முற்றிக் காய்ந்த விதை வேறு. காய்ந்ததை மென்றால் முதலில் தித்திக்கும், பிறகு கசக்கும், அப்புறம் வயிற்றைப் புரட்டும். எடை குறைந்தால் அதற்கு இந்தப் பேதிதான் காரணமாக இருக்கும்.

கடைசியாக உங்கள் அப்பா. முருங்கை இலைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கும் தன்மை இருப்பதாகச் சிறு ஆய்வுகள் சொல்கின்றன. பிரஷரையும் சற்றுக் குறைக்கலாம். இது நல்ல செய்தி மாதிரித் தெரியும், ஆனால் அவர் ஏற்கெனவே இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். காலையில் வெறும் வயிற்றில் இரண்டு ஸ்பூன் பொடியைக் கரைத்துக் குடித்துவிட்டு, மாத்திரையும் போட்டுவிட்டு, டிபனைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். அதைவிட எனக்குப் பயமான விஷயம், பொடியை நம்பி அவரே மாத்திரையைக் குறைத்துவிடுவது. வாரத்தில் சில நாள் சாப்பாட்டில் கீரை சாப்பிட அவருக்கு எந்தத் தடையும் இல்லை. தினசரி பொடி என்றால் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறாரா? கீரையிலுள்ள வைட்டமின் கே அதற்கு எதிர்வேலை செய்யும், திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியிருக்கிறதா? அப்படியானால் பொட்டாசியம் கணக்கு இருக்கிறது, கீரையின் அளவையே மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தைராய்டு மாத்திரை உண்டா? கால்சியமும் இரும்பும் நிறைந்த எதையும் அந்த மாத்திரையோடு சேர்க்காமல் நாலு மணி நேரம் தள்ளிச் சாப்பிட வேண்டும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது டப்பாவையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள். "கீரைப் பொடிதானே, அதைப் போய் ஏன் சொல்ல வேண்டும்" என்றுதான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.